சர்க்கரைக்குப் பதில் தேன்: பாட்டிலை எடுப்பதற்கு முன்

தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டுத் தேனுக்கு மாறி ஆறு வருடமாகிறது. முதல் வருடம் வாங்கிய பாட்டில் ஒன்று, மூன்று மாதத்தில் அடியிலிருந்து வெள்ளையாக உறைந்துகொண்டே மேலே வந்தது. சர்க்கரைப் பாகைக் கலந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, அவ்வளவையும் கொட்டிவிட்டேன். அந்தத் தேனை நினைத்தால் இன்றும் மனசு கேட்பதில்லை.

தேனில் சுமார் 38 சதவீதம் ஃபிரக்டோஸ், 31 சதவீதம் குளுக்கோஸ், 17 சதவீதம் தண்ணீர். இவ்வளவு குறைந்த தண்ணீரில் குளுக்கோஸ் கரைந்தே இருக்க முடியாமல் மெல்லப் படிகமாகிறது. உறைவது என்பது இதுதான். குளுக்கோஸ் கூடுதலாக உள்ள சூரியகாந்தித் தேன் சில வாரங்களிலேயே உறைந்துவிடும். ஃபிரக்டோஸ் மிகுந்த தேன் மாதக்கணக்கில் அப்படியே ஓடும். சூடாக்கி, மகரந்தம்கூட மிஞ்சாமல் வடிகட்டிய தேனும் சீக்கிரம் உறையாது. ஆகவே பளபளவென்று தெளிவாக இருப்பதைச் சுத்தத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதையும் நான் இப்போது செய்வதில்லை. கெட்டியான பாகும் தண்ணீரின் அடியில் போய்ப் படியும். நல்ல தேனுக்கும் எறும்பு வரும். அரிசிப் பாகு கலந்திருந்தால் ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும்.

அதனால் விற்பவரிடம் கேட்பதுதான் வழி. லேபிளில், சூடாக்காதது என்ற பொருளில், ‘பச்சைத் தேன்’ என்று போட்டிருந்தாலும் கேளுங்கள். கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி விளக்கமே கிடையாது. எந்தப் பூ, எப்போது எடுத்தது, எத்தனை டிகிரி வரை சூடாக்கினீர்கள் என்று கேட்பேன். தேன்கூட்டுக்குள் இயல்பாகவே 35 டிகிரி இருக்கும். வடிகட்ட வசதியாக 40 வரை இளஞ்சூடாக்குவதில் எனக்கு மறுப்பில்லை. 65, 70 என்று போனால் தேனிலுள்ள நொதிகள் சிதையத் தொடங்கும், வாசனையும் குறையும். அடுத்து ஈரப்பதம். தண்ணீர் போதிய அளவு வற்றிய பிறகுதான் தேனீக்கள் அறையை மெழுகால் மூடும். மூடாத அடையிலிருந்து அவசரப்பட்டு எடுத்த தேன் நீர்த்துப்போய், நாளடைவில் நுரைத்துப் புளிக்கும். கோடெக்ஸ் பொதுவாக 20 சதவீதம் வரை அனுமதிக்கிறது. தன் தேனின் ஈரப்பதத்தை எண்ணாகச் சொல்லத் தெரிந்தவரிடம் நான் நம்பி வாங்குவேன்.

எடையையும் பாருங்கள். ஒரு லிட்டர் தேன் சுமார் 1.4 கிலோ இருக்கும். அரைக் கிலோ தேன் ஏறக்குறைய 350 மில்லிதான் வரும். பாட்டில் பெரிதாகத் தெரிகிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

வாங்கிய பிறகு அளவு முக்கியம். ஒரு மேசைக்கரண்டித் தேன் 21 கிராம், சுமார் 64 கலோரி. அதே கரண்டிச் சர்க்கரை 50 கலோரிகூட வராது. தேன் சற்றுக் கூடுதலாக இனிக்கும் என்பதால் முக்கால் கரண்டி போதும். உலக சுகாதார நிறுவனம் தேனையும் குறைக்க வேண்டிய சர்க்கரைகளோடுதான் சேர்க்கிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் விதிவிலக்கு இல்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், உயிருக்கே ஆபத்து.

அடுப்பில் வேகும் பண்டங்களுக்குச் சாதாரணத் தேனே போதும், சூடாக்காத தேனை அதில் வீணாக்க வேண்டாம். தேநீரும் குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு கலக்குங்கள். ஃபிரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் உறையும். ஈரக் கரண்டி படாமல், இறுக்கி மூடி வெளியிலேயே வைக்கலாம். உறைந்துவிட்டால், கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி, தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டிருங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் இளகிவிடும்.