இரண்டு காலும் ஒரே எண் காட்டியது

முழங்காலில் ஏ.சி.எல். எனும் மூட்டு இணைப்பு நாருக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழாம் மாதத்தில் இருந்த கால்பந்து வீராங்கனையின் முன்தொடைத் தசை வலிமையைக் கையில் பிடிக்கும் டைனமோமீட்டரால் (விசையை அளக்கும் கருவி) அளந்தேன். வலது 25 கிலோ, இடது 24. ஆனால் இடது தொடை பார்த்தாலே மெலிந்து தெரிந்தது. ஒற்றைக் காலில் குதித்தால் தடுமாறினார்.

பேட்டரியை மாற்றினேன். தெரிந்த எடையை வைத்துக் கருவியைச் சோதித்தேன்; பிழையில்லை. முயற்சிகளுக்கு நடுவே ஓய்வைக் கூட்டினேன். நான்கு நாட்கள் போயின.

ஐந்தாம் நாள், கைபேசியில் எடுத்த காணொளியில்தான் கவனித்தேன்: அவர் காலை நீட்டி அழுத்தும்போதெல்லாம் கருவியைப் பிடித்திருந்த என் கை முழங்கையில் மடிந்தது. அந்த 25 கிலோ அவருடைய தசையின் எல்லை அல்ல, என் கையின் எல்லை.

கருவியைக் கணுக்காலுக்குச் சற்று மேலே வைத்து, நீளாத பட்டையால் மேசையின் பின்காலோடு கட்டினேன். முழங்கால் 90 பாகை. பட்டை கணைக்காலுக்குச் செங்குத்தாக. பட்டையில் தொய்வு இருந்தால் அளவு கெட்டுவிடும், அதனால் இறுக்கிய பிறகே அழுத்தச் சொன்னேன்.

வலது 46, இடது 31. அதாவது வலதில் 67 சதவீதம்தான் இடது. களத்துக்குத் திரும்பப் பொதுவாகக் கேட்கப்படுவது 90. ஆட்டத்துக்கு அனுப்பும் முன்பே தெரிந்ததில் பெரும் நிம்மதி. மறுநாளே இடது காலுக்குத் தனிப் பயிற்சி தொடங்கினோம்.