கானாடுகாத்தான் வீட்டுச் சாவியும் கனவுக்குள் விழித்துக்கொள்ளும் பழக்கமும்

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை 19 வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றது), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்றால் எல்லோரும் வருவார்கள். மற்ற நாளில் நானும் சாவிக்கொத்தும்தான். ஜன்னலை விட்டுவிட்டுக் கதவு மட்டும் எண்ணினால் 43. முகப்பு நிலைக்கதவின் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். பூட்டுக்குள் விட்டு, கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்துத் திருப்பினால்தான் திறக்கும்.

அந்தச் சாவிதான் பல வருடமாக என் கனவில் வந்தது. வாசலில் நாலு கார் வந்து நிற்கும். பெரிய ஆச்சி இறங்கி, "என்னப்பா, இன்னும் கதவு திறக்கலையா?" என்பார்கள். கொத்தில் இருக்கிற சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். ஒன்றும் சேராது. ஆச்சி வெயிலில் நின்றுகொண்டே இருப்பார்கள். பனியன் நனைந்து எழுந்து உட்காருவேன். மாதத்துக்கு நாலு முறையாவது இதே கனவுதான்.

கல்லூரியில் படிக்கும் என் மகளிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். "அப்பா, கனவு நடக்கும்போதே இது கனவுன்னு தெரிஞ்சுக்கலாம். பழகினா வரும்" என்றாள். சரி, பழகித்தான் பார்ப்போமே என்று தொடங்கினேன். இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. புதிதாகத் தொடங்குபவருக்கு எது உதவும், எது வீண் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

இதை லூசிட் ட்ரீம் என்பார்கள். நான் தெளிவுக் கனவு என்று சொல்லிப் பழகிவிட்டேன். அந்த ஆங்கிலப் பெயரை 1913-இல் பிரெடரிக் வான் ஈடன் என்ற டச்சு மனநல மருத்துவர் வைத்தார். இது மாயமோ மந்திரமோ இல்லை. கனவு காணும் நேரத்தில் நம் கைகால் தசையெல்லாம் தளர்ந்து அசையாமல் கிடக்கும். கண் மட்டும் அசையும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் 1975-இல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். ஆலன் வொர்ஸ்லி என்பவரைத் தூங்க வைத்து, "கனவில் இருப்பது தெரிந்தால் கண்ணை இடமும் வலமுமாக ஆட்டுங்கள்" என்று முன்பே பேசி வைத்திருந்தார். தூக்கத்தைப் பதிவு செய்யும் கருவியில் அந்தக் கண்ணசைவு அப்படியே விழுந்தது. ஆள் தூங்குகிறார், ஆனால் உள்ளேயிருந்து சொல்லி அனுப்புகிறார். சில வருடத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாகவே இதைச் செய்து காட்டினார். பழகும் முறைகளை ஒழுங்குபடுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

முதல் வேலை நோட்டு. இதைத் தாண்டிப் போகாதீர்கள். கனவே நினைவில் நிற்காதவருக்குத் தெளிவுக் கனவு வந்தாலும் காலையில் மறந்துபோகும். ஒரு 80 பக்க நோட்டும் பென்சிலும் தலைமாட்டில் வையுங்கள். விழிப்பு வந்ததும் புரளக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. எந்தப் பக்கம் படுத்திருக்கிறோமோ அப்படியே கிடந்து, கடைசியாக என்ன நடந்தது என்று பிடிக்க வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிப் போனால் ஒன்றன் பின் ஒன்றாக வரும். அதற்கு முன் செல்போனைத் தொட்டால் போச்சு. யார் என்ன அனுப்பியிருக்கிறார்கள் என்று பார்த்த அடுத்த நொடி கனவு துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். எனக்கு முதல் வாரம் முழுக்க எழுத இருந்தது இரண்டே வரி: "மழை. யாரோ கூப்பிட்டார்கள்." மூன்றாவது வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வந்தது. ஒவ்வொரு கனவுக்கும் ஒரு தலைப்பு வையுங்கள். பின்னால் தேட வசதி.

ஒரு மாதம் கழித்து நோட்டைப் புரட்டினேன். 31 கனவில் 9 இடத்தில் சாவியோ கதவோ இருந்தது. ஐந்தில், எப்போதோ இடிந்துபோன எங்கள் பழைய ஓட்டு வீடு. இப்படித் திரும்பத் திரும்ப வருவதுதான் அடையாளம். உங்களுக்குப் பரீட்சை ஹாலாக இருக்கலாம், தவறவிட்ட ரயிலாக இருக்கலாம். அது எதுவென்று உங்கள் நோட்டுதான் சொல்லும், வேறு யாரும் சொல்ல முடியாது.

அடுத்தது பகலில் செய்கிற சோதனை. இதில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள், நானும் முதலில் தோற்றேன். பகலில் பலமுறை "இது கனவா, நனவா?" என்று கேட்டுச் சோதித்துப் பழகினால், அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வந்துவிடும். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். கனவில் பெரும்பாலும் மூச்சு தாராளமாக வரும். சுவரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திரும்பி மறுபடி படியுங்கள். கனவில் பெரும்பாலும் எழுத்து மாறியிருக்கும். விரலை எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு. மூக்கு சோதனையை யாருக்கும் தெரியாமல் பஸ்ஸிலும் செய்யலாம். எப்போதும் இந்த மாதிரி ஆபத்தில்லாத சோதனைதான். கனவா என்று பார்க்க மாடியிலிருந்து குதிப்பது, நடுரோட்டில் நிற்பது போன்ற எண்ணமே வேண்டாம்.

நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். வீட்டுத் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். அதைச் செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண்ணாடியை அடியில் வைத்து, அதன்மேல் பூ வடிவ அச்சை வைப்பார்கள். கட்டம் கட்டமாக இருக்கும் அந்த அச்சுக்குள் நிறம் கலந்த சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சை நேராக மேலே தூக்குவார்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால், கண்ணாடி பட்ட பக்கம் முகம் பார்க்கலாம். அந்தப் பளபளப்பு போகாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைப்பேன். எங்கள் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், இருப்பது எட்டு இதழ்ப் பூ. துடைத்துத் துடைத்து அந்த எட்டு இதழும் எனக்கு மனப்பாடம்.

அதனால் ஒவ்வொரு கதவைத் திறக்கும் முன்னும் சாவியைக் கையில் வைத்தபடி குனிந்து தரையைப் பார்ப்பேன். இதழை எண்ணுவேன். தலையை நிமிர்த்திவிட்டு மறுபடி எண்ணுவேன். எட்டு, எட்டு. அப்படியானால் நனவு. மூக்கையும் ஒருமுறை பிடித்துப் பார்த்துக்கொண்டு கதவைத் திறப்பேன்.

முதல் ஒரு மாதம் இதைக் கடமைக்குச் செய்தேன். எண்ணும்போதே மனம் தண்ணீர் மோட்டாரைப் போட்டோமா என்பதில் இருந்தது. என்ன ஆயிற்று? கனவிலும் அப்படியே கடமைக்கு எண்ணினேன்; ஆறு வந்தது; "சரி, ஆறு" என்று கதவைத் திறந்துகொண்டு போய்விட்டேன். மறுநாள் நோட்டில் எழுதும்போதுதான் உறைத்தது. அதன் பிறகு ஒரு நாளைக்கு நாற்பது முறை செய்வதை விட்டுவிட்டுப் பத்து முறையாகக் குறைத்தேன். அந்தப் பத்தும் நிஜமான சந்தேகம். இங்கே எப்படி வந்தேன்? பத்து நிமிஷத்துக்கு முன் எங்கே இருந்தேன்? இந்த வெளிச்சம் இந்த நேரத்துக்கு உரியதுதானா? பதில் வருகிறவரைக்கும் சாவியைத் திருப்ப மாட்டேன். கனவாக இருக்கக்கூடும் என்று மனசார நம்பிக் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் இந்த வித்தை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மூன்றாவது, விடியற்காலை. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று எங்கள் அப்பத்தா சொல்லும். பலிக்குமோ இல்லையோ, அந்த நேரத்துக் கனவு நீளமானது, தெளிவானது என்பது உண்மை. தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷச் சுற்றாகப் போகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் ரெம் உறக்கம் என்கிற கனவுப் பகுதி வரும். முதல் சுற்றில் அது சில நிமிஷம்தான். விடியும் சுற்றில் அரைமணிக்கு மேலும் நீளும். அதனால் தூங்கப் போகும் நேரத்தில் முயற்சி செய்வது பெரும்பாலும் வீண்.

நான் பத்து மணிக்குப் படுப்பேன், மூன்றரைக்கு அலாரம். எழுந்து திண்ணையில் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். விளக்குப் போடுவதில்லை. டீ குடிப்பதில்லை. கடைசியாகக் கண்ட கனவை நினைத்துப் பார்த்து, எந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்று தேடுவேன். பிறகு படுத்துக்கொண்டு மனதுக்குள் சொல்வேன்: "அடுத்த கனவில், இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்." சொல்லும்போதே அந்தக் கனவுக்குள் மறுபடி நுழைந்து, குனிந்து தரையைப் பார்ப்பது மாதிரியும், இதழ் எண்ணிக்கை தப்பாக இருப்பது மாதிரியும், "ஓ, கனவு" என்று தெரிந்துகொள்வது மாதிரியும் பார்ப்பேன். லபெர்ஜ் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். ஞாபகத்துக்காகத் துண்டில் முடிச்சுப் போட்டு வைப்போம் இல்லையா, அதே வேலைதான். சந்தைக்குப் போகும்போது போட்ட முடிச்சு கடை வாசலில் கண்ணில் படும். இங்கே போட்ட முடிச்சு கனவில் கண்ணில் பட வேண்டும். சொல்லிக்கொண்டே தூங்கிவிட வேண்டும். வாய் மட்டும் சொல்லி மனம் வேறெங்கோ போனால் திரும்பக் கூட்டி வந்து ஆரம்பியுங்கள்.

எனக்கு முதலில் பலித்தது மூன்றாவது மாதம். சாவிக் கனவேதான். கார், வெயில், ஆச்சி. குனிந்தேன். பூவுக்கு எத்தனை இதழ் என்று எண்ண எண்ண இதழ் கூடிக்கொண்டே போனது. "இது கனவு!" என்று அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்திலேயே விழித்துவிட்டேன். ஐந்து நொடிகூட இருந்திருக்காது. புதிதாக வருகிற பலருக்கும் இப்படித்தான் ஆகும், மனம் தளர வேண்டாம்.

உள்ளே தங்குவதற்கு வழி உண்டு. தெரிந்ததும் எதையும் செய்யப் பரபரக்காதீர்கள். இரண்டு உள்ளங்கையையும் தேயுங்கள். அந்தச் சூட்டைக் கவனியுங்கள். பக்கத்தில் இருக்கும் எதையாவது தொடுங்கள். அடுத்த முறை நான் முகப்புத் தூணைத் தொட்டேன். பர்மாத் தேக்கின் வழவழப்பும் குளிர்ச்சியும் நிஜத்தில் எப்படியோ அப்படியே இருந்தன. மங்கிக்கொண்டிருந்த வாசல் மறுபடி தெளிந்தது. "கொஞ்சம் திண்ணையில உக்காருங்க ஆச்சி" என்றேன். உட்கார்ந்தார்கள். சாவி அப்போதும் சேரவில்லை. சாவியைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையால் கதவைத் தள்ளினேன். திறந்தது. வெளியே சாயங்காலம், உள்ளே முற்றத்தில் உச்சி வெயில். நான் துடைக்காமலே தரை பளபளத்தது. அன்றைக்குப் பிறகு அந்தக் கனவு இரண்டே முறைதான் வந்தது. இரண்டிலும் பயம் இல்லை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. விடியற்காலையில் விழிப்பு வந்தும் கைகால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கலாம். நம் பக்கத்தில் அமுக்குவான் பேய் என்பார்கள். கனவு நேரத்துத் தசைத் தளர்ச்சி விழித்த பிறகும் சிறிது நேரம் நீடிப்பதுதான் அது. மூச்சை நிதானமாக விட்டு, ஒரு விரல் நுனியை அசைக்கப் பாருங்கள், தானாகப் போய்விடும். எது நிஜம், எது மனத்தோற்றம் என்ற குழப்பம் ஏற்கெனவே உள்ளவர்கள், அதற்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பழக்கத்துக்கு வரக் கூடாது. தெளிவுக் கனவு வரும் என்று சொல்லி விற்கும் மாத்திரைகளை வாங்காதீர்கள்.

அலாரம் வாரத்துக்கு இரண்டு நாள் போதும், அதுவும் மறுநாள் வேலை குறைவாக இருக்கும் நாளில். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டால் கனவும் கெடும். அடுத்த வாரம் வீட்டில் ஒரு சாந்தி. ஐம்பது பேர் வருகிறார்கள், 43 கதவையும் திறக்க வேண்டும். அந்த நாலு நாளும் அலாரம் வைக்கப் போவதில்லை. நோட்டும் பென்சிலும் மட்டும் தலைமாட்டில் இருக்கும்.