ஊரில் மனை வாங்குமுன் குவாரித் தூரத்தை அளந்து பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்தே தமிழ்நாட்டில் மனை பார்ப்பவர்கள் பட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிடுகிறார்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திறந்து, கல்குவாரிக் குழி எந்தப் பக்கம் விரிகிறது என்று பாருங்கள். குழி விளிம்பிலிருந்து மனைவரை அதிலுள்ள அளவுகோல் கருவியால் அளக்கவும். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை தர மாநிலச் சிறுகனிம விதி இடங்கொடுப்பதில்லை. அதைத் தாண்டியும் வெடி அதிர்வு வரும்.

அண்டை வீடுகளின் சன்னல் மூலைகளில் சாய்ந்தோடும் விரிசலைப் படமெடுத்து அனுப்பும்படி ஊரிலுள்ள உறவினரிடம் சொல்லுங்கள். வெடி அதிர்வால் மட்டுமல்ல, அடித்தளம் இறங்கினாலும் இப்படி விரியும். ஆகவே பல வீடுகளைப் பார்ப்பது அவசியம். கிணற்று மட்டத்தைச் சித்திரை, வைகாசியில் பாருங்கள். குழியில் ஊறும் நீரை ஓயாமல் இறைப்பதால் சுற்றுவட்டாரத்தில் மட்டம் இறங்கும். மழைக்காலத்தில் இது தெரியாது.

விளைநிலமென்றால் விட்டுவிடுங்கள்: வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அதை விலைக்கு வாங்க முடியாது.