பன்னாட்டு வணிக முதுகலைப் படிப்பு: வேலூர் வட்டார மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், இன்டர்நேஷனல் பிசினஸ் படிக்க விரும்பும் பிள்ளைகள் ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள். அவர்களில் பலரும் முதலில் கேட்பது, "எந்த நாட்டுக்குப் போனால் நல்லது, சார்?" என்பதைத்தான். ஒரு நிறுவனத்தை எந்த அயல்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுசெல்வது, எந்த வழியில் நுழைவது, எவ்வளவு முதலீட்டை ஆபத்துக்கு உட்படுத்துவது என்று முடிவெடுக்கக் கற்றுத்தரும் படிப்பு இது. அந்தக் கேள்விகளை ஒரு பொருளை முன்னால் வைத்து ஒருமுறையாவது யோசிக்காமல் நாட்டைத் தேர்ந்தெடுப்பதே முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்தே கிளைக்கின்றன.

அடுத்தது, படிப்பின் பெயரை மட்டும் பார்த்து விண்ணப்பிப்பது. சென்ற ஆண்டு ஒரு மாணவர் கொண்டுவந்த இரண்டு பாடத்திட்டங்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். பெயர் இரண்டுக்கும் ஒன்றே. ஒன்றில் சந்தை நுழைவு, வணிக நிதி, சுங்க நடைமுறை, பன்னாட்டு ஒப்பந்தச் சட்டம் ஆகியவை கட்டாயப் பாடங்களாக இருந்தன. மற்றொன்றிலோ பொது மேலாண்மைப் பாடங்களோடு பன்னாட்டு வணிகம் என்று ஒரே ஒரு விருப்பப்பாடம் மட்டுமே இருந்தது. கட்டணம் அதிகமாக இருந்தது இரண்டாவதற்குத்தான். பாடத்திட்டத்தை வரிவரியாகப் படிப்பதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். உள்நாட்டிலேயே இதற்கென 1963-இல் தொடங்கப்பட்ட இந்திய அயல்நாட்டு வணிகக் கழகம், அதாவது ஐ.ஐ.எஃப்.டி., இருப்பதையும் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை.

அயல்நாட்டுச் சந்தைக்குப் போவது என்றால் சரக்கை ஏற்றி அனுப்புவது மட்டுமே என்று நினைப்பது நம் வட்டாரத்தில் ஆழமாக ஊறிய எண்ணம். ஊரைச் சுற்றி நடப்பது பெரும்பாலும் அதுதான் என்பதால் பிள்ளைகளைக் குறைசொல்லவும் முடியாது. ஆம்பூரில் தைத்த ஷூவில் ஐரோப்பிய பிராண்டின் முத்திரை இருக்கும். வடிவமைப்பும் கடையும் விலை வைக்கும் உரிமையும் வாங்குபவருடையவை. அதே நிறுவனம் சொந்தப் பெயரில் ஜெர்மனியில் ஷூ விற்க நினைத்தால், விநியோகஸ்தரை நியமிப்பதா, உரிமம் வழங்குவதா, கூட்டு நிறுவனம் தொடங்குவதா, முழுச் சொந்த நிறுவனமே வைப்பதா என்று நான்கு வெவ்வேறு பாதைகள் எதிரே நிற்கும். ஒவ்வொன்றிலும் முதலீடும் கட்டுப்பாடும் ஆபத்தும் வேறுவேறு. யோஹான்சன், வால்னே என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1977-இல் முன்வைத்த உப்சாலா கோட்பாடு, நிறுவனங்கள் அறிந்த சந்தையிலிருந்து அறியாத சந்தைக்குப் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் கற்றுக்கொண்டு முன்னேறுகின்றன என்கிறது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்யும் மாணவர், தமக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலை இன்று எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுப் பார்த்தால் கோட்பாடு தானாக மனத்தில் பதியும்.

பெரிய நிறுவனமும் இங்கே தப்புவதில்லை. அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் 1997-இல் ஜெர்மனிக்குள் நுழைந்து, 2006-இல் கடைகளை விற்றுவிட்டு வெளியேறியது. அதே துறையிலுள்ள அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் 2013-இல் கனடாவில் கடைகளைத் திறந்து, 133 கடைகள் வரை வளர்ந்தபின், 2015-இல் அத்தனையையும் மூடியது. மொழியும் பழக்கமும் ஏறத்தாழ ஒன்றான பக்கத்து நாட்டிலேயே, சரக்குத் தகவல்களில் நேர்ந்த பிழைகளால் அலமாரிகள் காலியாகக் கிடந்தன என்பது இந்தத் துறைக்கு வருபவர் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டிய பாடம்.

உத்தியைப் படிக்க வந்தவர்கள் ஆவணங்களை எழுத்தர் வேலை என்று ஒதுக்குவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் தவறு. ஒருமுறை எங்கள் இன்வாய்ஸில் வாங்குபவரின் பெயர் ஒருவிதமாகவும் எல்.சி.யில், அதாவது ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித்தரும் கடன் உறுதிக் கடிதத்தில், வேறுவிதமாகவும் இருந்தது. சரக்கு கப்பலேறிவிட்டது, ஷூக்களில் குறை ஒன்றுமில்லை, வங்கியோ ஆவணத்தில் முரண்பாடு என்று பணத்தை நிறுத்திவைத்தது. வங்கி பார்ப்பது காகிதத்தைத்தான், பெட்டிக்குள் இருக்கும் பொருளை அல்ல. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, எல்.சி.க்கான பன்னாட்டு விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன்படி, சமர்ப்பித்த ஆவணங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலை நாட்கள் உண்டு. கப்பலேற்றிய 21 நாட்களுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன்பாக, போக்குவரத்து ஆவணங்களைச் சமர்ப்பித்தாக வேண்டும். வாங்குபவர் திருத்தத்தை ஏற்று ஒப்புதல் அனுப்பும்வரை, வாரச் சம்பளத்துக்கு எங்கிருந்து பணம் எடுப்பது என்று முதலாளி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் நேரில் கண்டேன். புதிய சந்தைக்குள் நுழையும் சிறு நிறுவனத்தை இப்படி ஒரு முடக்கமே கவிழ்த்துவிடக்கூடும்.

இன்கோடெர்ம்ஸ், அதாவது செலவும் ஆபத்தும் விற்பவரிடமிருந்து வாங்குபவருக்கு எங்கே கைமாறும் என்று வகுக்கும் பன்னாட்டு விதிகள், விஷயமும் இதைப் போன்றதே. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பதிப்பில் 11 விதிகள் உள்ளன. நம் ஏற்றுமதியாளர்கள் பழக்கத்தால் எதற்கும் எஃப்.ஓ.பி. என்றே எழுதிவிடுகிறார்கள். அந்த விதியில் சரக்கு கப்பலில் ஏறும்வரை ஆபத்து விற்பவருடையது. ஆனால் கன்டெய்னரை நாம் துறைமுக முனையத்தில் ஒப்படைத்துவிட்டு வருகிறோம், அதன்பின் அது கப்பலேறும் வரை நம் கையில் ஒன்றும் இல்லை. கன்டெய்னர் சரக்குக்கு, வாங்குபவர் குறித்த போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே ஆபத்து கைமாறும் எஃப்.சி.ஏ. விதி பொருந்தும் என்பதை முதுகலை வகுப்பில் இரண்டே பக்கங்களில் சொல்லிவிடுவார்கள். அந்த இரண்டு பக்கங்களைப் படிக்காமல் தாண்டிச் சென்றவரே நாளை ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இடத்தில் இருப்பார்.

வரிச் சலுகை தரும் வணிக ஒப்பந்தம் வந்துவிட்டது, இனி சுங்க வரியே இல்லை என்று முடிவுகட்டுவதும் அப்படித்தான். ஐக்கிய அரபு அமீரகத்துடன் இந்தியா செய்துகொண்ட செபா என்ற விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எனினும் பொருள் எங்கே உருவானது என்ற விதிகளை நிறைவேற்றி, பிறப்பிடச் சான்றிதழும் பெற்றால்தான் சலுகை கிடைக்கும். மேற்பாகம் தோலாக உள்ள ஷூவுக்கு 6403 என்றும், துணியாக உள்ள ஷூவுக்கு 6404 என்றும் சுங்கக் குறியீடு மாறும். குறியீடு மாறினால் வரியும் மாறக்கூடும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில், "உலகம் ஒரு கிராமமாகச் சுருங்கிவிட்ட இன்றைய சூழலில்" என்று தொடங்குவதை அன்புகூர்ந்து விட்டுவிட வேண்டும். மேல்விஷாரத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் அறிக்கை அப்படித்தான் தொடங்கியது. பேசிக்கொண்டிருந்தபோது, தம் தந்தை வேலை செய்யும் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், குரோமியம் பரிசோதனைக்காக ஒரு லாட் முழுவதும் காத்திருந்ததைத் தற்செயலாகச் சொன்னார். தோலைப் பதப்படுத்தப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம், சூடும் வெளிச்சமும் சேமிப்புச் சூழலும் சரியில்லாதபோது தீங்கான ஆறிணைதிறக் குரோமியமாக மாறலாம்; தோலில் படும் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே 1 முதல் தடை விதித்திருக்கிறது. ஒரு கட்டுப்பாடு எப்படிச் சந்தையின் வாசலாகிறது என்பதை அவர் வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறார். தோல் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பு வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் பெயரால் சட்ட வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அதையும் சேர்த்து அறிக்கையை மறுபடி எழுதச் சொன்னேன். இரண்டாவது பிரதியில் ஒரு சொல்லும் இரவல் இல்லை.

தகுதி விதிகளைக் கடைசி நேரத்தில் பார்ப்பது பணத்தையும் ஓர் ஆண்டையும் விழுங்கிவிடும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், வணிக முதுகலைக்கு இளங்கலையிலேயே இத்தனை மதிப்பலகுகள் (கிரெடிட்) வணிகப் பாடங்களில் பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பொறியியல் படித்தவர் எவ்வளவு நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாலும் அங்கே திருப்பி அனுப்பப்படலாம். மாணவர் விசாவுக்கு 2022 நவம்பர் முதல், நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழும் தேவைப்படுவதால் அதற்கான காலத்தையும் முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் 12 மாதங்கள் வேலைப் பயிற்சிக்கு அனுமதி கிடைக்கும். மேலும் 24 மாதங்கள் ஸ்டெம் பட்டியலில், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த பட்டியலில் உள்ள படிப்புகளுக்கே உண்டு. இன்டர்நேஷனல் பிசினஸ் என்று குறியீடு பெற்ற படிப்புகள் பொதுவாக அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சேருவதற்கு முன் அந்தப் படிப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று காட்டும் சி.ஐ.பி. குறியீட்டைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

கடன் கணக்கையும் பெற்றோரோடு உட்கார்ந்து காகிதத்தில் போட வேண்டும். 40 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டிக்கு எடுத்தால், ஆண்டு வட்டி மட்டும் 4 லட்சம், மாதத்துக்கு 33,000 ரூபாய்க்கு மேல். திருப்பிச் செலுத்தாத இரண்டாண்டுகள் கடந்தால் தனிவட்டியாகவே 8 லட்சம் சேர்ந்திருக்கும். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கும் முன் இந்த எண்ணிக்கையை அம்மாவும் அப்பாவும் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மொழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஆங்கிலத்தில் நடக்கும் படிப்பானாலும் அந்நாட்டு வாடிக்கையாளர் தம் மொழியில்தான் பேரம் பேசுவார், ஆகவே புறப்படும் முன் தொடக்க நிலையாவது முடித்துவிடுவது நல்லது.

ஆய்வேட்டுத் தலைப்பை அங்கே போனபிறகு தேடிக்கொள்ளலாம் என்று விடுவதும் நட்டமே. ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு முதலாளியிடம் நேரில் போய், "ஐயா, உங்கள் ஏற்றுமதிக் கோப்புகளில் ஒன்றைப் பார்க்கலாமா? படிப்புக்காகத்தான், விலை விவரங்களை மறைத்தே தாருங்கள்" என்று கேட்டால் ஒரு டீயோடு கோப்பும் கிடைக்க வாய்ப்புண்டு, அதையே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து மின்னஞ்சலில் கேட்டால் பதில் வருவது அரிது. கல்லூரி தொடங்குவதற்கு முந்தைய கோடையில் அப்படி இரண்டு வாரம் ஒரு டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார்ந்து, ஆர்டர் வந்த நாளிலிருந்து பணம் கைக்கு வந்த நாள்வரை ஒரு சரக்கின் காகிதங்களை வரிசையாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போங்கள்.