பழைய பிரெஞ்சு வெள்ளி எக்யூ வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி, பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி காலத்து எக்யூ (பெரிய வெள்ளி நாணயம்) ஒன்றைக் காட்டினார். "அண்ணா, அடியில் ஏதோ கிறுக்கல் மாதிரி இருக்கு, அடிபட்டதுதானே?" என்றார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நானும் இதே வார்த்தையைச் சொன்னவன். பாலிஷ் போடக் கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பழைய அச்சின் சுவடைச் சேதம் என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்னும் ஆறாத தவறு. 1689 டிசம்பரில், போர்ச் செலவுக்குப் பணம் தேடிய லூயியின் அரசு ஒரு வழி கண்டது. மக்களிடம் இருந்த எக்யூக்களை வாங்கி, உருக்காமலேயே மேலே புது அச்சைக் குத்தி, கூடுதல் மதிப்பில் திருப்பி விட்டது. வித்தியாசம் கருவூலத்துக்கு. 1693, 1701, 1704 என்று இதே வேலை திரும்பத் திரும்ப நடந்தது.

அந்த அடி பழைய படத்தை எப்போதும் முழுசாக அழிப்பதில்லை. என் கையில் இருந்தது, கேடயத்தின் இரு பக்கமும் ஓலைக்கிளை உள்ள 1693 வகை. வலது ஓலைக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சின்னக் கிரீடத்தின் பாதி; அதையொட்டி 'எல்' எழுத்தின் வளைந்த முதுகு. எட்டு 'எல்' எழுத்துகளைச் சிலுவையாக அடுக்கிய 1690 வகையின் மிச்சம் அது. எனக்கு அப்போது தெரியாது. அடிபட்டது என்று பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். வாங்கியவர் லென்ஸை வைத்து, புதைந்திருந்த பழைய வருடத்தின் கடைசி இரண்டு எண்களைப் படித்துக் காட்டினார். சில நாணயங்களில் பழைய ஊர் எழுத்தும், அதாவது எந்த ஊரில் அச்சடித்தது என்று காட்டும் எழுத்தும், தெரியும். ஓர் ஊரில் பிறந்து இன்னோர் ஊரில் மறு அச்சு வாங்கிய கதை அப்படியே கையில் கிடைக்கும். சுவடு தெரிந்தால் முதலில் லென்ஸை எடுங்கள், அப்புறம் விலை பேசுங்கள்.

அரக்கோடுகளைக் கீறல் என்பது

அச்சடிக்கும் முன் கூடுதல் எடையை அரத்தால் ராவியதால் வந்த இணைகோடுகள் அவை. பின்னால் விழுந்த கீறல், படத்தையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போகும்.

எல்லா எக்யூவுக்கும் ஒரே எடை பார்ப்பது

1641-இல் 27.45 கிராம். 1709-இல் 30.59. 1718-இல் 24.47. 1726 முதல் 29.49. பதினைந்தாம் லூயி காலத்து 1726 எடையை வைத்துக்கொண்டு, பதின்மூன்றாம் லூயி காலத்து 1641-இன் நல்ல நாணயத்தைப் போலி என்று ஒதுக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். சரி, கொஞ்சம் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

கழுத்துச் சங்கிலியில் டாலராகத் தொங்கியதைக் கவனிக்காமல் விடுவது

அரசர் தலைக்கு மேலே உள்ள விளிம்பைப் பாருங்கள். 1726-க்குப் பிந்தியவற்றில் "இறைவா, அரசரைக் காப்பாற்று" என்ற லத்தீன் வரி விளிம்பைச் சுற்றி ஓடும். வளையம் பற்றவைத்த இடத்தில் அந்த எழுத்து மழுங்கியிருக்கும்.

ஊர் எழுத்தைப் பார்க்காமல் வாங்குவது

'ஏ' பாரிஸ், 'டி' லியோன், 'கே' போர்தோ. விலையே அதில்தான் மாறும்.