மணி சரிதான், நேரம் தப்பு

சென்னைக்குப் போய்வந்த மச்சான் ஒரு புதுப் போன் வாங்கி வந்தார். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் வீட்டில் உட்கார்ந்து, பழைய போனின் கூகுள் ஆதென்டிகேட்டரில் (கணக்குக்குள் நுழையக் கடவுச்சொல்லோடு கேட்கும் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் செயலி) கணக்குகளை ஏற்றுமதி செய்தேன். திரையில் வந்த க்யூஆர் கட்டத்தைப் புதியதில் ஸ்கேன் செய்தேன். ஒரு க்யூஆர் கட்டத்துக்குள் 10 கணக்குகள்தான் அடங்கும். எனக்கு 13 என்பதால் இரண்டு முறை. அதுவரை சுலபம்.

அப்புறம்தான் வினை. புதுப் போன் காட்டிய எந்த நம்பரை அடித்தாலும் 'தவறு'. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே கணக்குக்கு இதில் ஓர் ஆறு இலக்கம், அதில் வேறு. மணி மட்டும் இரண்டிலும் 8.40!

விஷயம் இதுதான்: புதுப் போன் இந்திய நேர மண்டலத்திலேயே இருந்தது. நான் அதைத் தொடாமல், சுவர்க் கடிகாரத்து முள்ளைத் திருப்புவதுபோல மணியை மட்டும் மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருந்தேன். இந்த எண்களோ உலகப் பொது நேரத்தைக் கணக்கிட்டு 30 வினாடிக்கு ஒருமுறை மாறுபவை. திரையில் தெரியும் மணியை அவை சட்டை செய்வதில்லை.

அமைப்புகளில் நேரம், மண்டலம் இரண்டையும் 'தானாக' என்று வைத்தேன். அடுத்த எண்ணே பொருந்தியது. நல்லவேளை, பழைய போனில் இருந்ததையெல்லாம் அழித்து இன்னும் மகனிடம் கொடுத்திருக்கவில்லை.