பழைய டிராக் ரேஸ் டெக்கால்: வயதை முகவரியில் தேடுங்கள்

பெங்களூர் ஜேசி ரோட்டில் பழைய ஸ்பேர் கடைகளில் நிற்கும்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது, கையில் எந்த டப்பாவோ பில் புத்தகமோ கிடைத்தாலும் முதலில் முகவரியைத்தான் பார்ப்பேன். ‘பெங்களூர்-2’ என்றால் பழசாக இருக்க வாய்ப்பு உண்டு. ‘560002’ என்றிருந்தால் நிச்சயம் 1972 ஆகஸ்ட் 15-க்கு முன்னால் அச்சடித்திருக்க முடியாது, நம் பின்கோடு வந்ததே அன்றைக்குத்தான்.

அமெரிக்க டிராக் ரேஸ் (நேர்ப் பாதையில் குறுகிய தூரம் ஓட்டும் கார் பந்தயம்) டெக்கால்களுக்கும், அதாவது ஒட்டும் படங்களுக்கும், இதே கணக்குதான். அங்கே ஐந்து இலக்க ஜிப் கோடு 1963 ஜூலை 1-ல் வந்தது. அதற்கு முன், 1943 முதல், ‘லாஸ் ஏஞ்சலஸ் 23’ என்று ஊர்ப் பெயருக்குப் பின்னால் சின்ன எண் போடுவார்கள். அந்த 23 பிறகு 90023 ஆனது. நான் சேர்க்க ஆரம்பித்த புதிதில் ‘1958, அசல்’ என்று ஒருவர் விற்ற கேம்ஷாஃப்ட் டெக்காலை ஆசையாக வாங்கினேன், வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்தால் ஓரத்தில் ஐந்து இலக்கம். அன்றைக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

ஆனால் ஒன்று, புது அடையாளம் ‘இதற்கு முன் இல்லை’ என்று உறுதியாகச் சொல்லும், பழைய அடையாளம் எதையும் உறுதி செய்யாது. அச்சகத்தில் பழைய பிளாக்கையே வைத்துப் பல வருடம் ஓட்டியிருப்பார்கள், மறுபதிப்புக்காரர்கள் பழைய முகவரியையும் சேர்த்தே நகலெடுப்பார்கள். அதனால் டெக்காலில் இருப்பவற்றிலேயே எது கடைசியாக வந்ததோ அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வாலி பார்க்ஸ் என்பவர் என்ஹெச்ஆர்ஏ என்ற அமெரிக்க டிராக் ரேஸ் சங்கத்தைத் தொடங்கியது 1951-ல், ஆகவே அந்தப் பெயரோடு ‘1949 டெக்கால்’ என்று யாராவது நீட்டினால் பேசாமல் நடையைக் கட்டுங்கள். அவர்களுடைய நேஷனல்ஸ் பந்தயம் 1955-ல் கான்சாஸ் மாநிலத்து கிரேட் பெண்டில் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, 1961-ல் இண்டியானாபோலிஸ் வந்து சேர்ந்தது. வின்ஸ்டன் சிகரெட்டின் பெயர் என்ஹெச்ஆர்ஏ-வின் தொடர் சாம்பியன்ஷிப்பில் இருந்தது 1975 முதல் 2001 வரை.

அடுத்தது அச்சு. பழசில் பெரும்பாலானவை தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் வகை, முதுகில் கெட்டியான காகிதமும் உலர்ந்த பசையும் இருக்கும், மேலே வார்னிஷ் லேசாகப் பழுத்திருக்கும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுகிற பத்து மடங்கு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் நிறம் திட்டாக, கொஞ்சம் தடிப்பாக நிற்கும்; இங்க்ஜெட் நகலில் பல நிறப் புள்ளிகள் தூவினாற்போல் தெரியும். 1950-க்கு முந்தையது என்று விற்கிற காகிதம் யூவி டார்ச்சில் நீலமாகப் பளிச்சிட்டால் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சோதிக்கிறேன் என்று ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வைக்காதீர்கள், போனால் போனதுதான்.

பாதுகாப்பதில் நம் ஊர் ஈரம்தான் பெரிய எதிரி. மழைக்காலத்தில் அந்தப் பசை இளகிப் பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்க வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பிவிசி உறையும் கூடாது. பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஜூன் முதல் நவம்பர் வரை மாதம் ஒருமுறை திறந்து அந்த ஜெல்லை மட்டும் மாற்றிவிடுங்கள்.